கம்பியில்லா விசைப்பலகையால் கணினியை எழுப்புதல்: ஒரு வரலாறு

கம்பியில்லா விசைப்பலகையால் கணினியை எழுப்புதல் என்பது, உறக்கநிலையில் உள்ள மடிக்கணினியை அதன் மின்பொத்தானைத் தொடாமல், தனியே உள்ள கம்பியில்லா விசைப்பலகையின் ஒரு விசையை அழுத்தி மீண்டும் இயங்கச் செய்வதாகும். பயன்படுத்துவோருக்கு இது ஒரு நொடி வேலை. சில மடிக்கணினிகளில் இது உடனே நடக்கிறது. வேறு சிலவற்றில் எத்தனை முறை அழுத்தினாலும் திரை இருண்டே கிடக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. கணினி உறங்கும்போது அதன் செயலி எதையும் கவனிப்பதில்லை. வீட்டார் அனைவரும் உறங்கினாலும் வாசலில் ஒரு காவலர் விழித்திருந்தால்தான் கதவு தட்டும் ஓசை உள்ளே எட்டும். அதுபோலக் கணினியிலும் ஏதேனும் ஓர் உறுப்பு விழித்திருக்க வேண்டும். அந்த உறுப்பு எது, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கணினியை எழுப்பும் அனுமதியை அதற்கு யார் தருகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு 1980களிலிருந்து கிடைத்துவந்த விடைகளே இதன் வரலாறு.

தொடக்கம்: உறங்கிய விசைப்பலகை

ஐ.பி.எம். நிறுவனம் 1983 நவம்பர் 1 அன்று பி.சி.ஜூனியர் என்னும் வீட்டுக் கணினியை அறிவித்தது. அதன் விசைப்பலகை கம்பியில்லாதது. 62 விசைகள் கொண்ட அப்பலகை, தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிர் மூலம் செய்தி அனுப்பியது. 4 ஏ.ஏ. பேட்டரிகளில் இயங்கியது. பேட்டரி விரைவில் தீர்ந்துவிடாமல் இருக்க, விசை எதுவும் அழுத்தப்படாத நேரத்தில் பலகையின் உள்ளே இருந்த சிப் ஓய்வுநிலைக்குச் சென்றது. விசை அழுத்தப்பட்டதும் விழித்தது. உறங்கி விழிக்கும் பழக்கம் இந்த இணையில் முதலில் விசைப்பலகைக்கே வந்தது. கணினியோ, பெட்டியில் உள்ள மின்சுவிட்சைப் போட்டால் முழுமையாக இயங்கியது, அணைத்தால் முழுமையாக நின்றது. இடைப்பட்ட நிலை எதுவும் அதற்கு இல்லை.

அகச்சிவப்புக் கதிருக்குக் கணினியும் பலகையும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு பி.சி.ஜூனியர்கள் இருந்தால் ஒன்றின் பலகை மற்றதற்கும் எழுத்துகளை அனுப்பக்கூடும். இதனால் கம்பி இணைப்பும் தனியே விற்கப்பட்டது. 1985 மார்ச்சில் இக்கணினியின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

விசைப்பலகையிலிருந்தே கணினியைத் தொடங்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 1987இல் வெளியிட்ட மேக்கின்டாஷ் 2 கணினியில் தந்தது. இதன் பலகை கம்பியுடையது. அதில் தனியே ஒரு மின்விசை இருந்தது. அதை அழுத்தினால் கம்பி வழியே சென்ற செய்தி, அணைந்திருந்த கணினியின் மின்வழங்கியை இயக்கியது. இந்தச் செய்தியைக் கேட்டு மின்வழங்கியை இயக்குவதற்கான சிறிதளவு மின்சாரத்தைத் தாய்ப்பலகையில் இருந்த லித்தியம் பேட்டரிகள் தந்தன. ஆண்டுகள் கடந்து அவை தீர்ந்துபோனபோது, மற்றெல்லாம் நன்றாக இருந்தும் பல கணினிகள் தொடங்க மறுத்தன. காவலருக்கு உணவு இல்லாவிட்டால் வாசலைத் திறக்க ஆளில்லை என்பதை இது காட்டியது.

உறக்கம் தேவைப்பட்ட காரணம்

மேசைக்கணினி சுவர் மின்சாரத்தில் இயங்கியதால் அது வீணாக எரிவதைப் பலர் பொருட்படுத்தவில்லை. மடிக்கணினியில் அப்படி இருக்க முடியாது. இன்டெல் நிறுவனம் 1990 அக்டோபரில் வெளியிட்ட 386 எஸ்.எல். செயலி மடிக்கணினிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. இயக்குதளத்துக்குத் தெரியாமலேயே மின்சிக்கன வேலைகளைச் செய்யும் தனி இயக்கமுறை ஒன்று அதில் இருந்தது. அந்தப் பணியில் ஈடுபட்ட பொறியாளர்களுள் ஒருவர் ஜிம் கார்டாக். பின்னாளில் புளூடூத் என்ற பெயரைப் பரிந்துரைத்தவரும் இவரே.

1992இல் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் இணைந்து ஏ.பி.எம். எனப்படும் மின்மேலாண்மை வரையறையை வெளியிட்டன. அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குறைந்த மின்சாரம் செலவழிக்கும் கணினிகளுக்கு எனர்ஜி ஸ்டார் முத்திரையை அறிமுகப்படுத்தியது. பயன்பாட்டில் இல்லாத கணினி 30 வாட்டுக்கும் குறைவாகச் செலவழிக்க வேண்டும் என்பது தொடக்ககால அளவுகோல். கணினி உறங்குவது இதன்பின் மேசைக்கணினிக்கும் உரிய செய்தி ஆயிற்று.

ஏ.பி.எம். முறையில் உறக்கத்தின் பொறுப்பு பெரும்பாலும் பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளிடம் இருந்தது. பயனர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது பயாஸுக்குத் தெரியாது. இயக்குதளத்துக்கோ எந்த உறுப்பு உறங்குகிறது என்பது முழுமையாகத் தெரியாது. எந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்பதற்குப் பொதுவான விதியும் இல்லை.

ஏ.சி.பி.ஐ.யும் உறக்கத்தின் படிநிலைகளும்

இந்தக் குழப்பத்துக்கு 1996 டிசம்பரில் தீர்வு வந்தது. இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. என்னும் வரையறையை வெளியிட்டன. இதன்படி உறக்கத்தை நிர்வகிக்கும் பொறுப்பு இயக்குதளத்திடம் வந்தது. விண்டோஸ் 98 இவ்வரையறையை ஏற்ற முதல் விண்டோஸ் பதிப்பாகும்.

ஏ.சி.பி.ஐ. கணினியின் நிலைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை எண்ணிட்டது. எஸ்0 என்பது விழிப்புநிலை. எஸ்3 என்பது நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டுச் செயலி உள்ளிட்ட மற்றவற்றை நிறுத்திவைக்கும் உறக்கம். எஸ்4 என்பது நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆழ்துயில். எஸ்5 என்பது அணைந்த நிலை. கணினியில் உள்ள ஒவ்வோர் எழுப்பும் கருவியும் எந்த ஆழம் வரையிலான உறக்கத்திலிருந்து எழுப்ப வல்லது என்பதைத் தாய்ப்பலகையைச் செய்தவர்கள் ஓர் அட்டவணையாகப் பயாஸில் எழுதிவைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஒரு விசைப்பலகை எஸ்3 உறக்கத்திலிருந்து எழுப்பினாலும் எஸ்4 துயிலிலிருந்து எழுப்பாமல் போவது இதனால்தான். ஆழ்துயிலில் பெரும்பாலான மடிக்கணினிகள் யு.எஸ்.பி. துளைகளுக்கான மின்சாரத்தையும் நிறுத்திவிடுகின்றன.

மேசைக்கணினிகளில் காவலருக்கான உணவும் இக்காலத்திலேயே ஒழுங்குபட்டது. இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறையில், கணினி அணைந்திருந்தாலும் தொடர்ந்து கிடைக்கும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் இடம்பெற்றது. பல தாய்ப்பலகைகளில் ஒரு சிறு செருகியை இடம் மாற்றி, விசைப்பலகைக்கு இந்த மின்சாரம் கிடைக்கும்படி செய்யலாம். மடிக்கணினியில் இதே வேலையை அதன் பேட்டரி செய்ய வேண்டும். அதனால் மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் எந்தக் காவலருக்கு மின்சாரம் தருவது என்பதில் எப்போதும் சிக்கனம் காட்டிவந்துள்ளனர்.

யு.எஸ்.பி.: எழுப்பும் உரிமை

யு.எஸ்.பி. வரையறையின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. உறக்கமும் விழிப்பும் இதில் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றன. யு.எஸ்.பி. கம்பியில் 3 மில்லி நொடி வரை எந்தச் செய்தியும் வராவிட்டால், அதனுடன் இணைந்த கருவி உறக்கத்துக்குச் செல்ல வேண்டும். உறங்கும் கருவி தானே ஒரு சமிக்ஞை கொடுத்துக் கணினியை எழுப்பலாம். இதற்குத் தொலைவிழிப்பு என்று பெயர்.

இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவதாக, தன்னால் எழுப்ப முடியும் என்று கருவி முன்கூட்டியே கணினியிடம் அறிவித்திருக்க வேண்டும். இரண்டாவதாக, உறங்கப்போகும் முன் இயக்குதளம் அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஆற்றல் இருந்தும் அனுமதி இல்லாத கருவி வாய்மூடி இருக்க வேண்டும் என்பதே விதி.

உறங்கும் கருவி எடுக்கும் மின்சாரத்துக்கும் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. விழிப்பில் 500 மில்லி ஆம்பியர் வரை தரக்கூடிய யு.எஸ்.பி. துளையில், உறங்கும் சாதாரணக் கருவி அரை மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம் என்று முதல் பதிப்புகள் கூறின. மிகுந்த மின்சாரம் எடுக்கும் வகைக் கருவிக்கு எழுப்பும் அனுமதி இருந்தால் மட்டும் 2.5 மில்லி ஆம்பியர் அனுமதிக்கப்பட்டது. கம்பி உள்ள விசைப்பலகைக்கு இந்த அளவு போதும். விசை அழுத்தப்படுகிறதா என்று பார்க்க அதற்கு மிகக் குறைந்த மின்சாரமே தேவை. கம்பியில்லாப் பலகைக்குத்தான் இது சிக்கலானது.

வானொலி அலையும் சிறு ரிசீவரும்

அகச்சிவப்புக்குப் பின் கம்பியில்லா விசைப்பலகைகள் வானொலி அலைக்கு மாறின. முதலில் 27 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையும், பின்னர் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையும் பயன்பட்டன. விரல்நுனி அளவுள்ள ரிசீவரைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகிவிட வேண்டும். லாஜிடெக் நிறுவனம் 2009இல் வெளியிட்ட யுனிஃபையிங் ரிசீவர் ஒன்றில் 6 கருவிகள் வரை இணைக்கலாம்.

இம்முறையில் காவலர் ரிசீவரே. கணினியைப் பொறுத்தவரை இது கம்பி உள்ள ஒரு யு.எஸ்.பி. விசைப்பலகைதான். எனவே தொலைவிழிப்பு விதிகள் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் வானொலி அலையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, உறங்கும் கருவிக்கு அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். இதற்குப் பொறியாளர்கள் ஒரு வழி கண்டனர். ரிசீவர் எப்போதும் கேட்பதில்லை. இடைவெளி விட்டு மிகச் சிறு நேரம் மட்டும் விழித்துக் கேட்கிறது. மறுபுறம் விசைப்பலகை, பதில் வரும்வரை தன் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

இந்த ஏற்பாட்டில் உறங்குபவர் இருவர். விசைப்பலகை தன் பேட்டரியைக் காக்க உறங்குகிறது. கணினி தன் பேட்டரியைக் காக்க உறங்குகிறது. முதல் விசையழுத்தம் பலகையை எழுப்பி, ரிசீவரைத் தட்டி, கணினியை எழுப்புவதற்குள் ஓரிரு நொடிகள் கடந்துவிடலாம். எழுப்பப் பயன்பட்ட அந்த விசையின் எழுத்து பெரும்பாலும் திரையில் தோன்றாது. கடவுச்சொல்லின் முதல் எழுத்தையே எழுப்புவதற்குப் பயன்படுத்துவோர், கடவுச்சொல் தவறு என்ற செய்தியைக் காண நேர்வதும் இதனால்தான். எழுத்தல்லாத விசை ஒன்றை ஒருமுறை அழுத்தி, திரை ஒளிர்ந்த பின் தட்டச்சு செய்வது நல்லது.

புளூடூத்: தனிச் சிக்கல்

எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1998இல் புளூடூத் கூட்டமைப்பை உருவாக்கின. 1999இல் முதல் வரையறை வந்தது. விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றுக்கான தனி வரையறை 2003இல் முழுமை பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் தனது முதல் புளூடூத் விசைப்பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தன்னால் கணினியை எழுப்ப முடியுமா என்பதைப் பலகை அறிவிக்கும் இடம் புளூடூத் வரையறையிலும் உண்டு. 2010இல் வந்த புளூடூத் 4.0 பதிப்பின் குறைமின் முறைக்காக 2011இல் எழுதப்பட்ட விசைப்பலகை வரையறையிலும் அது தொடர்ந்தது.

எனினும், புளூடூத் பலகையால் எழுப்ப முடியவில்லை என்ற குறை ரிசீவர் வகைப் பலகைகளைவிட அதிகமாக எழுந்தது. காரணம், இங்கே காவலர் மடிக்கணினியின் உள்ளேயே இருக்கும் புளூடூத் சிப். எஸ்3 உறக்கத்தில் அதற்கு மின்சாரம் தருவதா, நிறுத்துவதா என்பதைத் தாய்ப்பலகையின் வடிவமைப்பு முடிவு செய்கிறது. பல மடிக்கணினிகள் அதை நிறுத்திவிடுகின்றன. அத்தகைய கணினியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இராது. மின்சாரம் கிடைத்தாலும், இயக்குதளமே உறங்கும் வேளையில் பலகையின் அழைப்பை அடையாளம் காணும் பொறுப்பு அந்தச் சிப்பையே சேர்கிறது.

கணினியையும் அதன் இயக்குதளத்தையும் தானே செய்த ஆப்பிள் நிறுவனத்துக்கு இது எளிதாயிற்று. உறக்கத்திலும் மேக் கணினிகளின் புளூடூத் சிப் விழித்திருந்தது. புளூடூத் கருவிகள் கணினியை எழுப்பலாமா என்று கேட்கும் ஒரு தெரிவுப்பெட்டி பல ஆண்டுகள் அதன் அமைப்புப் பக்கத்தில் இருந்தது. தாய்ப்பலகை, சிப், இயக்குதளம் ஆகியவை வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வந்த மற்றக் கணினிகளில் மூவரும் ஒத்துப்போனால்தான் விசை வேலை செய்தது.

இயக்குதளங்களில் அனுமதி

விண்டோஸில் கருவி மேலாளர் பகுதிக்குச் சென்று விசைப்பலகையின் பண்புகளைத் திறந்தால், மின்மேலாண்மைப் பக்கத்தில் இக்கருவி கணினியை எழுப்ப அனுமதிக்கும் தெரிவுப்பெட்டி இருக்கும். ரிசீவர் வகையில் ஒரே பலகை பல பெயர்களில் பட்டியலில் தோன்றலாம். தவறான பெயரில் குறியிட்டுவிட்டுப் பலனில்லை என்று நினைப்பவர் பலர். எழுப்பும் அனுமதி பெற்ற கருவிகள் யாவை, கடைசியாகக் கணினியை எழுப்பியது எது என்பவற்றைக் கூறும் கட்டளைகளும் விண்டோஸில் உண்டு.

லினக்ஸில் ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவிக்கும் அனுமதியைக் குறிக்கும் சிறு கோப்பு ஒன்று உள்ளது. அதில் இயக்கு என்றோ நிறுத்து என்றோ பொருள்படும் சொல்லை எழுதினால் போதும். சாதாரண யு.எஸ்.பி. விசைப்பலகைகளுக்கு லினக்ஸ் தானாகவே அனுமதி தருகிறது. சில மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்பிலும் யு.எஸ்.பி. விழிப்பு என்ற தெரிவு தனியே இருக்கும். அது அணைக்கப்பட்டிருந்தால் இயக்குதளத்தின் அனுமதி செல்லாது.

முழுமையாக உறங்காத உறக்கம்

2012இல் வந்த விண்டோஸ் 8 பதிப்புடன் உறக்கத்தின் பொருளே மாறத் தொடங்கியது. கைப்பேசியைப் போலத் திரை அணைந்தாலும் வலை இணைப்பு அறுபடாத புதிய காத்திருப்பு முறையை மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் 10 காலத்தில் இது மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் விரிந்தது. இம்முறையில் கணினி எஸ்3 நிலைக்குப் போவதில்லை. எஸ்0 நிலையிலேயே இருந்தபடி செயலி ஆழ்ந்த ஓய்வில் இருக்கிறது. புளூடூத் சிப்புக்கும் மின்சாரம் கிடைப்பதால், புளூடூத் பலகையால் எழுப்புவது இத்தகைய கணினிகளில் எளிதாயிற்று.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. காவலர்கள் பலரானால் தவறான அழைப்புகளும் பலவாகும். மேசை அசைந்ததால் சுட்டி நகர்ந்து நள்ளிரவில் திரை ஒளிர்வது சிறு தொல்லை. மூடிய பைக்குள் இருக்கும் மடிக்கணினி விழித்துக்கொண்டு, வெப்பம் வெளியேற வழியின்றிச் சூடாகி, பேட்டரியும் தீர்ந்துபோவது பெருந்தொல்லை. பையில் உள்ள கம்பியில்லாப் பலகையின் விசைகள் தாமே அழுந்துவதாலும் இது நேரலாம். இதனால் மூடி மூடப்பட்டிருக்கும்போது வெளிப்பலகையின் அழைப்பைப் பல மடிக்கணினிகள் ஏற்பதில்லை.

பாதுகாப்பும் இதில் கலந்துள்ளது. 2016 பிப்ரவரியில் பாஸ்டில் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பல நிறுவனங்களின் ரிசீவர்கள் அயலார் அனுப்பும் போலி விசையழுத்தங்களையும் ஏற்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். மவுஸ்ஜாக் என்று அக்குறைபாடு பெயர்பெற்றது. விழித்ததும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்திருந்தால், எழுப்பியவர் யாராயினும் பூட்டுத்திரையைத் தாண்டுவது கடினம்.

பயன்பெறுவோர்

மடிக்கணினியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துவது பெரும்பாலோருக்கு அற்பமான செயல். கை நீட்டவோ எழுந்து செல்லவோ இயலாத உடல்நிலை உடையவருக்கு அது பிறர் உதவி தேவைப்படும் செயல். மடியில் வைத்த பலகையே கணினியை எழுப்புமானால், வேலையைத் தொடங்க அவர் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் பின்னால் வைத்த கணினி, பெரிய திரையுடன் இணைத்து அலமாரியில் மூடிவைத்த மடிக்கணினி, வகுப்பறையின் ஒளிப்படக்காட்டியோடு இணைத்த கணினி ஆகியவற்றிலும் இதன் பயன் தெளிவாகத் தெரியும்.

விசை எழுப்பாதபோது பார்க்க வேண்டிய வரிசை

இந்த வரலாற்றின் மூன்று கேள்விகளே பழுது பார்க்கும் வரிசையாகவும் அமைகின்றன.

முதலில் பலகையின் பேட்டரியையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். அடுத்து அது ரிசீவர் வகையா, புளூடூத் வகையா என்று அறிய வேண்டும். கணினி செல்வது எஸ்3 உறக்கமா, ஆழ்துயிலா, புதிய காத்திருப்பா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் உறக்கம் தானே ஆழ்துயிலாக மாறும்படி பல கணினிகள் அமைக்கப்பட்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் எழுந்த கணினி மறுநாள் காலையில் எழாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பின்னர் இயக்குதளத்திலும் பயாஸிலும் அனுமதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். ரிசீவரை இடைப்பெட்டியில் செருகாமல் கணினியின் துளையிலேயே நேராகச் செருகிப் பார்க்கலாம். வேறு துளைக்கும் மாற்றிப் பார்க்கலாம். எல்லாத் துளைகளுக்கும் உறக்கத்தில் மின்சாரம் வருவதில்லை. புளூடூத் பலகை எதற்கும் அசையாவிட்டால், அந்தக் கணினி உறக்கத்தில் புளூடூத்துக்கு மின்சாரம் தராத வகையாக இருக்கக்கூடும். அப்போது ரிசீவர் வகைப் பலகைக்கு மாறுவதே நடைமுறைத் தீர்வு.